நெல்லுக்கு யாரும் ஊசி போடவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மரபணு திருத்திய நெல்லைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நாலாவது பத்தியில் ஒரு வரி: ‘ஹார்மோன் ஏற்றப்பட்ட இந்த அரிசியைச் சாப்பிடும் பெண் குழந்தைகள் சீக்கிரமே வயதுக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு.’ அதற்கு மேலே பெரிதாக ஒரு படம், நெற்கதிரில் ஊசி குத்தி நிற்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு மூன்று போன். ஒன்று, என்னிடம் பிளஸ் டூ படித்த பெண். இப்போது அவளுக்கு ஆறு வயதில் மகள். “சார், வீட்டில் இருக்கிற பொன்னி மூட்டையை என்ன பண்ணுவது, பாப்பாவுக்குச் சோறு போடலாமா” என்று கேட்டாள். குரல் நடுங்கியது. 31 வருடம் தாவரவியல் நடத்தியவன் நான். தாவர ஹார்மோன் பாடத்தை அவளுக்கு நடத்தியதும் நான்தான். அவள் என் பாடத்தை மறந்துவிட்டு உங்கள் வரியை நம்பினாள். அச்சில் வந்தால் உண்மை என்று நம்புகிற வாசகர்கள் உங்களுக்கு இன்னும் இருக்கிறார்கள், அவர்களை இப்படிப் பயமுறுத்தலாமா?

நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமலா ஒன்று, டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டிஎஸ்டி ரைஸ் 1 இன்னொன்று. கமலா நம் விவசாயிகளுக்குப் பழக்கமான பி.பி.டி. 5204 என்ற நெல் ரகத்திலிருந்து வந்தது. நெற்பயிரில் சைட்டோகைனின் என்று ஒரு ஹார்மோன் இயற்கையாகவே சுரக்கிறது. கதிர் உருவாகும் குருத்தில் அது எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்குக் கிளையும் மணியும் கூடும். அதைச் சிதைப்பதற்கென்று பயிரிலேயே ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதிக்கான மரபணுவில், குறித்த இடத்தில் மட்டும் வெட்டுகிற கிரிஸ்பர் என்ற முறையில் ஒரு வெட்டு போட்டு அதன் வேலையைக் கெடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். வெளியிலிருந்து எந்த ஹார்மோனும் ஏறவில்லை, ஊசியும் இல்லை. அதே மரபணு இயற்கையாகவே மந்தமாக இருக்கிற ஹபடாகி என்ற நெல்லை வைத்துத்தான் ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005-ல் இந்த விஷயத்தையே கண்டுபிடித்தார்கள்.

அப்புறம், செடியின் ஹார்மோன் வேறு, குழந்தையை வயதுக்கு வரவைக்கும் ஹார்மோன் வேறு. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது. இளநீரில் சைட்டோகைனின் இருக்கிறது, திசு வளர்ப்பு ஆய்வகங்களில் இளநீரைச் சேர்த்துச் செடி வளர்த்தது அதனால்தான். தலைமுறை தலைமுறையாக இளநீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். இதை ஒரு தாவரவியல் ஆசிரியரிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பாரே, ஏன் கேட்கவில்லை?

ஹார்மோனோடு மல்லுக்கட்டுவது வயலுக்குப் புதிதும் இல்லை. 1966-ல் வந்த ஐ.ஆர். 8 நெல் குட்டையாக நின்றதற்குக் காரணம் அதில் ஜிப்ரலின் என்ற ஹார்மோனைச் செய்யும் ஒரு மரபணு பழுதாக இருந்ததுதான். உரம் போட்டாலும் சாயாமல் நின்றது. அது எந்த மரபணு என்று 2002-ல்தான் தெரிந்தது, அதற்குள் ஒரு தலைமுறையே அந்தக் குட்டை நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்துவிட்டது. அந்த ஹார்மோன் கூடிப்போனால் என்ன ஆகும் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து, வெளுத்து, மெலிந்து நின்றன. அப்பா முதலில் சந்தோஷப்பட்டார். நட்ட கொஞ்ச நாளில் அவையெல்லாம் செத்தன. ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து ஜிப்ரலினைச் சுரந்து நாற்றை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது கல்லூரியில் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. 1926-ல் குரோசாவா என்ற ஜப்பானியர் இந்த நோயை ஆராய்ந்ததில்தான் அந்த ஹார்மோனே வெளிச்சத்துக்கு வந்தது.

இன்னொரு வருடம் அறுவடை நேரத்தில் நாலு நாள் அடைமழை. நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. விதையைத் தூங்க வைக்கிற அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்ந்துபோன பயிர் அது. அந்தப் பிடியை மரபணுத் திருத்தத்தால் கொஞ்சம் இறுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். ரொம்ப இறுக்கினால் விதைக்கிற நாளில் முளைக்காமல் படுத்துவிடும், அந்த அளவுதான் இதில் கஷ்டமே. முளைத்த நெல்லை வாங்க ஆள் இல்லாமல் களத்தில் குவித்துவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு, இந்த ஆராய்ச்சியை ஒரே வரியில் ‘ஹார்மோன் விஷம்’ என்று தள்ளுவது எப்படி வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹார்மோன் உண்மையிலேயே வயலைக் கெடுத்ததைப் பற்றி நான் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். எட்டு வருடம் முன்பு பக்கத்து மக்காச்சோளக் காட்டில் 2,4-டி அடித்தார்கள். அது களைக்கொல்லி என்று எல்லோருக்கும் தெரியும், ஆக்சின் என்ற தாவர ஹார்மோனைப் போலச் செய்த ரசாயனம் என்பது பலருக்குத் தெரியாது. காற்றுவாக்கில் வந்து என் பருத்தியில் பட்டது. இலையெல்லாம் வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிரிந்து சுருண்டது, சப்பை என்கிற இளம் மொட்டு கொட்டியது, அந்த வருடம் பாதி வெள்ளாமை போயிற்று. காற்று வீசும்போது மருந்தடிக்காதீர்கள் என்று நாலு வரி போடச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுமே வரவில்லை. அடித்தவரையும் நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று எழுதியபோதும் கடிதம் போட்டேன். அந்தக் கோழி சீக்கிரம் வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும் என்று விளக்கியிருந்தேன். பதில் இல்லை. புதன்கிழமை அறிவியல் பக்கத்தை நிறுத்தியபோதும் எழுதினேன். அந்தப் பக்கத்தை வெட்டி வகுப்பில் ஒட்டிவைத்து நடத்திய ஆசிரியர்கள் எத்தனை பேர் தெரியுமா? சரி, அது பழைய கதை.

இதனால் நான் இந்த நெல்லுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்க வேண்டிய இடத்தையெல்லாம் அந்த ஊசிப்படம் அடைத்துக்கொண்டது என்பதுதான் என் ஆத்திரம். கமலாவில் 19 சதவீதம் மகசூல் கூடும், 20 நாள் முன்பே அறுக்கலாம் என்றார்கள். எந்த மண்ணில், எந்தப் பட்டத்தில்? மணி கூடினால் மட்டும் போதாது, கூடின மணியெல்லாம் பால் பிடித்து முற்ற வேண்டும், அதில் பதர் எத்தனை? கதிர் கனத்துப் பயிர் சாய்கிறதா? வேறு உயிரின் மரபணு சேராத இந்த வகைத் திருத்தங்களுக்கு 2022 மார்ச் 30-ல் மத்திய அரசு பழைய மரபணு மாற்ற விதிகளில் பலவற்றிலிருந்து விலக்குக் கொடுத்தது. அந்த விலக்குக்குப் பிறகு யார் எதைச் சோதிக்கிறார்கள்? கிரிஸ்பர் முறைக்கு வெளிநாட்டு நிறுவனங்களிடம் காப்புரிமை இருக்கிறது, அதன் செலவு விதை விலையில் வந்து ஏறுமா? 2001-ம் வருடச் சட்டப்படி விளைச்சலில் விதை எடுத்துவைக்க விவசாயிக்கு உரிமை உண்டு, இந்த நெல்லில் அது அப்படியே இருக்குமா? கட்டுரை முழுவதும் தேடினேன், ஒன்றுகூட இல்லை.

பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பி.டி. பருத்தியையும் இதையும் ஒரே வார்த்தையால் ‘மரபணு மாற்றம்’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் எதிர்க்கலாம், அது அவரவர் உரிமை. எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்து எதிர்க்க வேண்டாமா?

40 வருடமாக உங்கள் பத்திரிகை வாங்குகிறேன், இனியும் வாங்குவேன். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வயதுக்கு வருவது பற்றிய அந்த வரி தவறு என்று அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில், மூன்று வரித் திருத்தம் போடுங்கள். ஊசிப் படத்தை இணையப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். அந்தத் திருத்தத்தை வெட்டி என் மாணவிக்கு அனுப்ப வேண்டும். சோறு போடும்மா என்று நான் சொன்னதற்குச் சரி சார் என்றாள், மூட்டையை இன்னும் பிரிக்கவில்லையாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
உங்கள் நெடுநாள் வாசகர்