வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எதிர்வரும் 2024 ஜூலை 4ஆம் திகதி நடைபெறவுள்ள பிரித்தானியப் பொதுத்தேர்தலைப் பற்றித் தங்கள் பத்திரிகை உட்பட நமது தமிழ்ப் பத்திரிகைகள் எழுதிவருவனவற்றைத் தவறாமல் வாசித்து வருகிறேன். பிரதமர் ரிஷி சுனக் மே 22ஆம் திகதி கொட்டும் மழையில் நனைந்தபடி தேர்தலை அறிவித்த நாளிலிருந்து வெளிவந்த செய்திகளிற் பெரும்பாலானவை, எந்தக் கட்சி வந்தால் ஈழத்தமிழருக்கு நல்லது என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. அந்தக் கேள்வி தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒன்றோடு நின்றுவிடுவதால், அங்கே உண்மையில் எதைப் பற்றி வாதிடுகிறார்கள், எப்படி வாதிடுகிறார்கள் என்பது நமது வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இன்னும் சில மாதங்களில் நாமும் ஜனாதிபதித் தேர்தலுக்கு முகங்கொடுக்க இருப்பதால் இதனை எழுத நினைத்தேன்.

2019ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சுனக் சார்ந்த பழமைவாதக் கட்சியின் விஞ்ஞாபனத்தில் சைப்ரஸ், இலங்கை, மத்திய கிழக்கு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டு, அதன் தொடர்ச்சியாக இரு அரசுத் தீர்வையும் பேசிய ஒரு வாக்கியம் இடம்பெற்றிருந்தது. நம்மில் சிலர் மகிழ்ந்தார்கள், கொழும்பு ஆட்சேபித்தது, இரு அரசுத் தீர்வு என்பது இஸ்ரேல் – பலஸ்தீனத்துக்கே உரியதென்று அக்கட்சி விளக்கமளித்தது, கதை அத்தோடு முடிந்தது. அந்த விஞ்ஞாபனத்தின் மிச்சப் பக்கங்களில் என்ன இருந்ததென்று கேட்ட ஒருவரைக்கூட நான் இங்கே காணவில்லை.

இம்முறை அங்கு நடக்கும் வாதத்தின் பெரும்பகுதி பணத்தைப் பற்றியது. வாரமொன்றுக்கு 40,000 மேலதிக மருத்துவச் சந்திப்புகளை ஏற்படுத்துவோம் என்று தொழிற்கட்சி சொன்னால், அதற்கான செலவை வரி ஏய்ப்போரிடமிருந்தும், வெளிநாட்டை நிரந்தர வதிவிடமாகக் காட்டி வரிச்சலுகை பெறுவோரிடமிருந்தும் திரட்டுவோம் என்று அதே இடத்தில் சொல்லவேண்டியிருக்கிறது. 6,500 புதிய ஆசிரியர்களை நியமிப்போம் என்றால், தனியார் பாடசாலைக் கட்டணத்தின் மீது 20 வீதப் பெறுமதி சேர் வரி விதிப்போம் என்ற விடை கூடவே வருகிறது. சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் தேசிய காப்புறுதிப் பங்களிப்பை மேலும் குறைப்பதாகக் கூறும் பழமைவாதக் கட்சியும், நலன்புரிச் செலவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 கோடிப் பவுண் மீதப்படுத்துவோம் என்று கணக்குக் காட்டுகிறது. இக்கணக்குகள் சரியோ பிழையோ, கணக்கைக் காட்டாமல் வாக்குறுதியை மட்டும் நீட்டிவிட்டுப் போக அங்கே எளிதில் முடிவதில்லை. நிதிக் கற்கைகளுக்கான நிறுவகம் என்ற கட்சி சாராத ஆய்வு அமைப்பு ஒவ்வொரு விஞ்ஞாபனத்தையும் எடுத்துவைத்து, எங்கே கூட்டல் பிழைக்கிறது என்று வாக்களிப்புக்கு முன்னரே பகிரங்கமாகச் சொல்லிவிடுகிறது. அது இந்த வாரம் சொன்னது இரு பெருங்கட்சிகளுக்கும் உவப்பானதன்று. வருமான வரிக்கான வருமான வரம்புகள் 2028 வரை உயர்த்தப்படாமலே இருக்கப்போகின்றன, ஆகவே வீதம் கூடாவிட்டாலும் மக்கள் கட்டும் வரி கூடத்தான் போகிறது, பல அரச சேவைகளுக்கான ஒதுக்கீடு சுருங்கும் நிலையில் இருக்கிறது, இவற்றைப் பற்றி இரண்டு கட்சிகளும் வாய் திறக்காமல் இருக்கின்றன என்பதே அதன் குற்றச்சாட்டின் சாரம்.

ஜூன் 4ஆம் திகதி ஐ.டி.வி. தொலைக்காட்சியில் சுனக்கும் தொழிற்கட்சித் தலைவர் கெயர் ஸ்டார்மரும் நேருக்கு நேர் நின்ற விவாதத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொழிற்கட்சி வந்தால் உழைக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் 2,000 பவுண் மேலதிக வரி கட்ட நேரிடும், அது திறைசேரி அதிகாரிகள் கட்சி சாராமல் கணக்கிட்ட தொகை என்று சுனக் அன்றிரவு திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்டார்மர் அதனை மறுக்கவே நெடுநேரம் எடுத்துக்கொண்டார். மறுநாட் காலையிலேயே, அந்தத் தொகையை அரச அதிகாரிகள் தயாரித்ததாகக் காட்டக்கூடாது என்று திறைசேரியின் நிரந்தரச் செயலாளர் எழுதியிருந்த கடிதம் வெளியாகியது. அது நான்கு ஆண்டுகளுக்குரிய கூட்டுத்தொகை என்பது கேட்பவருக்குத் தெரியாதபடி சொல்லப்பட்டதாகப் புள்ளிவிபர ஒழுங்குபடுத்தல் அலுவலகமும் சுட்டிக்காட்டியது. ஆட்சியிலிருக்கும் பிரதமர் சொன்ன ஓர் எண்ணை, அவருடைய அரசாங்கத்தின் திறைசேரியிலேயே தலைமை அதிகாரியாக இருக்கும் ஒருவர் எழுத்தில் மறுத்திருக்கிறார், அக்கடிதம் பத்திரிகைகளில் வந்திருக்கிறது, அதற்குப் பின்னரும் அந்த அதிகாரி அதே கதிரையில் இருக்கிறார். நமது நாட்டில் ஓர் அமைச்சின் செயலாளர், தேர்தல் காலத்தில், ஜனாதிபதி சொன்ன தொகையைப் பற்றி இவ்வாறு எழுதுவாரா என்பதை வாசகர்களின் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

இதனால் அங்குள்ள விவாதமுறையைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவேண்டியதில்லை. அன்றைய விவாதத்தில் பதிலொன்றுக்கு 45 விநாடிகளே ஒதுக்கப்பட்டன. அந்த அவகாசத்துக்குள் வரிக்கொள்கையை யார்தான் விளக்கமுடியும்? ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசியதால் பாதி வார்த்தைகள் காதிலேயே விழவில்லை. நேற்று முன்தினம் இரவு நொட்டிங்ஹாமில் நடந்த பி.பி.சி. விவாதத்தை இங்கே நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தேன். அடுத்த பிரதமராக வருவதற்கு உங்கள் இருவரையும்விடச் சிறந்தவர் எவருமே இல்லையா என்று சபையிலிருந்த ஒருவர் இருவரையும் பார்த்துக் கேட்டார். சபை கைதட்டியது. இரண்டு தலைவர்களும் நின்று அதற்கும் பதில் சொன்னார்கள். பதில்கள் சுமாரானவைதான் என்றாலும், அந்தக் கேள்வியைக் கேட்டவர் அமைதியாகத் தம் ஆசனத்தில் இருந்து மிச்ச விவாதத்தையும் பார்த்துவிட்டு வீடு போயிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1957 வரை தன் கடற்படைத்தளத்தை வைத்திருந்துவிட்டு வெள்ளைக்காரன் போன திருகோணமலையில் இருந்துகொண்டு அவனுடைய தேர்தலுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். 2019இல் பழமைவாதக் கட்சி 43.6 வீத வாக்குகளைக்கொண்டு 650 ஆசனங்களில் 365ஐப் பிடித்துக்கொள்ள இடந்தந்த அந்தத் தேர்தல் முறையில் எனக்கு மதிப்பில்லை. நான் பேசுவது வாக்களிப்புக்கு முன்னர் நடக்கும் விசாரணையைப் பற்றி மட்டுமே.

அந்த விசாரணைக்குப் பலன் உண்டு என்பதற்கு 2017ஆம் ஆண்டே சான்று. முதியோர் பராமரிப்புச் செலவுக்கு அவர்களுடைய வீட்டின் பெறுமதியையும் கணக்கில் எடுப்போம் என்ற திட்டத்தைத் அப்போதைய பிரதமர் தெரேசா மே, அவ்வாண்டு மே மாதம் 18ஆம் திகதி வெளியிட்ட விஞ்ஞாபனத்தில் அறிவித்தார். மறதிநோய் வரி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். நான்கே நாட்களில், கட்டவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு இருக்கும் என்று அவர் இறங்கிவர நேர்ந்தது. அத்தேர்தலில் அவர் பெரும்பான்மையையும் இழந்தார். அதற்கு முன்னர், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்பதாக 2010இல் கையொப்பமிட்டுக் கொடுத்த லிபரல் டெமோக்கிரட் கட்சி, கூட்டணி அரசாங்கத்தில் அமர்ந்ததும் கட்டணத்தை 9,000 பவுண் வரை உயர்த்தத் துணைபோனது. 2015இல் அதன் ஆசனங்கள் 57இலிருந்து 8ஆகக் குறைந்தன.

இனி நமது உறவுகளின் விடயத்துக்கு வருகிறேன். பிரித்தானியப் பிரஜையாக இல்லாவிட்டாலும், அங்கு வதிவிட அனுமதியுடன் வாழும் பொதுநலவாய நாட்டவர் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போரும் இதில் அடங்குவர். புகைப்பட அடையாள ஆவணம் கட்டாயமாக்கப்பட்ட முதலாவது பொதுத்தேர்தல் இது, அதற்கு நமது கடவுச்சீட்டே போதுமானது. வாக்காளராகப் பதிவுசெய்வதற்கான கடைசி நாளான ஜூன் 18 கடந்துவிட்டது. அந்தத் திகதிக்கு முன் இந்தச் செய்தியை நமது பத்திரிகைகளில் நான் காணவில்லை என்பதையும் குறைநினைக்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்ராட்ஃபோர்ட் அன்ட் பௌ தொகுதியில் தமிழரான உமா குமரன் தொழிற்கட்சி சார்பில் போட்டியிடுவது முதற்பக்கத்தில் வந்தது, நல்லது. அவர் சார்ந்த கட்சியின் குடிவரவுக் கொள்கை என்னவென்று உட்பக்கத்திலாவது வந்திருக்கலாம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில், பதிவுத் திருமணம் முடித்த மகள் லண்டனிலுள்ள கணவனிடம் போகக் காத்திருக்கிறார். வாழ்க்கைத்துணையை அழைப்பவருக்கு இருக்கவேண்டிய ஆண்டு வருமானம் கடந்த ஏப்ரல் 11ஆம் திகதி முதல் 18,600 பவுணிலிருந்து 29,000 ஆக உயர்ந்தது. தகப்பனார் மருமகனின் சம்பளச் சிட்டையை வட்ஸ்அப்பில் வரவழைத்து, மாதத்தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிவைத்திருக்கிறார். தொகை எட்டவில்லை. அதனை 38,700 வரை கொண்டுபோவதே தன் திட்டம் என்று சுனக் அரசாங்கம் முன்னரே அறிவித்திருக்கிறது. வேலை விசாக்களுக்கும் குடும்ப விசாக்களுக்கும் ஆண்டுதோறும் உச்சவரம்பு விதிப்பதாக அவருடைய கட்சியின் விஞ்ஞாபனம் கூறுகிறது. தொழிற்கட்சியும் வருவோர் தொகையைக் குறைக்கவேண்டும் என்றே சொல்கிறது. பராமரிப்புப் பணியாளராகப் போனவர்கள் மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைக்க முடியாமலிருப்பதும் நாமறிந்ததே. இவ்வளவும் அந்தத் தேர்தல் மேடைகளில் அன்றாடம் பேசப்படுபவை. ஆயினும் அந்தத் தகப்பனார் என்னிடம் விசாரித்தது, “மாஸ்டர், எந்தக் கட்சி எங்கடை ஆக்களுக்குச் சார்பு?” என்றுதான். அவரைக் குறைகூறி என்ன பயன், அவர் வாசிக்கும் செய்தி அப்படி.

நமது பக்கத்து நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜனாதிபதி வேட்பாளர்களாகப் பேசப்படும் சஜித் பிரேமதாசவும் அனுர குமார திசாநாயக்கவும் ஒரே மேடையில் வாதிடுவார்கள் என்று கடந்த மாதம் முழுவதும் திகதிகள் பேசப்பட்டன. இருதரப்பும் அறிக்கை விட்டதோடு சரி, விவாதம் நடக்கவில்லை. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது, தேர்தல் இன்னும் இல்லை. 2023 மார்ச் 9ஆம் திகதிக்கு வைக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நின்றுபோயிற்று. இந்த நிலையில் வடக்கு கிழக்குக்கு வரும் கொழும்புத் தலைவர்கள் மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிரும் பதின்மூன்றாம் திருத்தத்தைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறார்கள், நாமும் அந்த ஒரு வரியைத் தலைப்பாக்கி விடுகிறோம். பொலிஸ், காணி அதிகாரங்களை எத்தனை மாதங்களுக்குள், எந்தச் சட்டமூலத்தின் வழியாக, எந்த ஒதுக்கீட்டுடன் தருவீர்கள் என்ற அடுத்த கேள்வி அச்சில் வருவதில்லை.

திருகோணமலைக்கு வருபவரிடம் கேட்கவேண்டியவை அதைவிடவும் திட்டமானவை. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது, 2022 ஓகஸ்டில் ஒரேயடியாக 340 ரூபாவானது. குச்சவெளியிலும் மூதூரிலும் கரையேறி நின்று மீனவருக்கு மானியம் தருவோம் என்கிறவர், எத்தனை படகுகளுக்கு, நாளொன்றுக்கு எத்தனை லீற்றர், அந்தப் பணம் எந்த அமைச்சின் கணக்கிலிருந்து என்று சொல்லட்டும். சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் தொடர்பாக 2022 ஜனவரியில் செய்யப்பட்ட ஒப்பந்தங்களைத் தொடர்வாரா, மாற்றுவாரா, அதனால் இம்மாவட்ட இளைஞருக்கு என்ன வேலை என்று சொல்லட்டும். இந்த ஆண்டு தொடக்கத்தில் 18 வீதமாக்கப்பட்ட பெறுமதி சேர் வரியைக் குறைப்பதாகச் சொல்பவர், சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்பட்டுள்ள, மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 வீதமான முதன்மை மிகை (வட்டிக் கொடுப்பனவு நீங்கலாக வருமானம் செலவை விஞ்சும் தொகை) இலக்கை அந்த வருமானம் இல்லாமல் எப்படி எட்டுவார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிரித்தானியாவில் தொலைக்காட்சி விவாதம் 2010இலேதான் தொடங்கியது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே தொகுதிதோறும் தேவாலய மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் வேட்பாளர்களைக் கூட்டிவைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் இருந்துவருகிறது. நமது நகரிலும் மண்டபங்களுக்குக் குறைவில்லை. அழைப்பதற்கு ஒருவர் வேண்டும், அந்த ஒருவராகத் தங்கள் பத்திரிகை இருக்கலாம் என்பதே என் வேண்டுகோள். அது இயலாதெனில், மேற்சொன்னவற்றைப்போல் பத்துக் கேள்விகளைத் தெரிந்தெடுத்து எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே நாளில் அனுப்பி, வந்த பதில்களைக் கத்தரிக்காமல் ஒரே பக்கத்தில் அருகருகே வெளியிடுங்கள். பதில் அனுப்பாதவரின் பெயருக்கு நேரேயுள்ள கட்டத்தை வெறுமையாகவே விட்டு அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.
28.06.2024