அவசரக்கார நிழல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாள் படிக்காதே, எழுதாதே என்று உத்தரவு. மருமகளை வாசிக்கச் சொல்லித்தான் உன் கடிதத்தைக் கேட்டேன். மூன்று இடத்தில் அவள் திணறினாள். நான் கண்ணை மூடிக்கொண்டே சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் உன் 'ற' 'ந' மாதிரியேதான் இருக்கிறதாம். இப்போது ஒரு கண் பளிச்சென்று தெரிகிறது. எங்கள் வீட்டுச் சுவர் இவ்வளவு வெள்ளை என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. அடுத்த கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கவிதை எழுதச் சொல்லித்தர ஒப்புக்கொண்டுவிட்டு, "ஆயுசு முழுக்கக் கணக்கு நடத்தியவளுக்குக் கவிதையைப் பற்றி என்னடி தெரியும்" என்று கையைப் பிசைகிறாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்குச் சின்னக் கவிதை சொல்லித்தரக் கணக்கு டீச்சரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. தமிழ் டீச்சரான எனக்கு இது புரியவே ரொம்ப நாள் பிடித்தது. "கவிதை எழுது" என்றால் பிள்ளைகள் விட்டத்தைப் பார்ப்பார்கள். "ஐந்து வரி, பதினோரு சொல், எண்ணி எழுது" என்று சொல்லிப் பார். உடனே விரலை மடக்க ஆரம்பித்துவிடுவார்கள். கவிதை என்றதும் வருகிற அந்தப் பயம், எண்ணுகிற மும்முரத்தில் எங்கேயோ போய்விடும்.

இந்தப் பதினோரு சொல் வடிவம் ஜெர்மன் பள்ளிகளில் ரொம்பப் புழக்கத்தில் இருப்பது. எல்ஃப்ஷென் என்பார்கள். 'எல்ஃப்' என்றால் அந்த மொழியில் பதினொன்று. முதல் வரியில் ஒரு சொல், அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு, கடைசி வரியில் மறுபடி ஒரே ஒரு சொல். நம் மொழிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் தமிழில் ஒரு சொல்லுக்குள் ஒரு வாக்கியத்தையே அடைத்துவிடலாம். பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள், ஜாக்கிரதை. என்னிடம் ஒரு பையன் நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதிக் கொண்டுவந்து, "இடைவெளியே இல்லை டீச்சர், ஒரு சொல்தான்" என்று வாதாடினான். புணர்ச்சி விதி நடத்தியவள் நான்தானே, என்ன சொல்வது? ஒத்துக்கொண்டேன்.

ஹைக்கூவில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், அதை மூன்றாம் மாதத்துக்கு வைத்துக்கொள். ஐந்து, ஏழு, ஐந்து என்று அசை எண்ணச் சொல்லும் பாடம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஆனால் ஜப்பானியர் எண்ணுவது நம் அசையை அல்ல. அவர்கள் கணக்கில் நெடில் இரண்டாக எண்ணப்படும், சொல் முடிவில் வரும் 'ன்' ஒலியும் தனியாக ஒன்று. நாம் 'டோக்கியோ' என்று புள்ளி வைத்த ஒற்றெழுத்தை விட்டுவிட்டு மூன்றாக எண்ணுவது அவர்களுக்கு நான்கு. நம் பழைய செய்யுள் வகையான கட்டளைக் கலித்துறையிலும் எழுத்தெண்ணிப் பாடுவது உண்டு. ஒற்றை நீக்கிவிட்டு, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஹைக்கூவின் மொத்தக் கணக்கும் 17 என்பது சும்மா ஒரு தற்செயல்தான், ஆனால் கணக்கு டீச்சருக்குப் பிடிக்குமே என்று சொன்னேன். தமிழில் ஹைக்கூ எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்று வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது சரிதான். எண்ணிக்கையையும் எடுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இருக்காது, அதனால்தான் முதலில் வேண்டாம் என்கிறேன்.

அதற்குப் பதிலாக இன்னொன்று இருக்கிறது. மூன்று சொல், ஐந்து சொல், மூன்று சொல். அமெரிக்காவில் ஜாக் காலம் என்ற கவிஞர் பிள்ளைகளோடு வேலை செய்தபோது கொண்டுவந்தது. அதன் பிறப்பே ஒரு மறதியில்தான். இன்னொரு கவிஞர் 5-3-5 என்று அசைக்கணக்கில் ஒரு வடிவம் செய்திருந்தார். காலம் அதைத் தப்பாக நினைவில் வைத்துக்கொண்டு, 3-5-3 என்று சொற்கணக்கில் சொல்லிக்கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் அந்தத் தப்புத்தான் நிலைத்தது. ஒரு பெண் இந்தக் கணக்கில் எனக்கு எழுதிக் கொடுத்தது இன்னும் மனப்பாடம்:

விளக்கு திடீரென்று அணைந்தது
அம்மாவின் குரல் மட்டும் பக்கத்தில் இருந்தது
கையை நீட்டிப் பார்த்தேன்

கை அம்மா மேல் பட்டதா இல்லையா என்று அவள் எழுதவில்லை. சொல் தீர்ந்துவிட்டது. கணக்கு அவளை நிறுத்திய இடம் சரியான இடமாக அமைந்துவிட்டது பார். ஹைக்கூவில் வெட்டு, மௌனம் என்றெல்லாம் பெரியவர்கள் பேசுவதை இந்தப் பெண்ணுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுருக்கத்தின் அருமையைப் பாரதி 1916-லேயே ஜப்பானியக் கவிதையைப் பற்றிய கட்டுரையில் சொல்லிவிட்டார். அதையும் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்.

முதலெழுத்துக் கவிதை பற்றி எச்சரிக்கிறேன். ஒரு சொல்லை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வரி தொடங்குவது. ஆங்கிலத்தில் சுலபம். எனக்கு முதல் நாளே மூக்கு உடைந்தது. கரும்பலகையில் 'மழை' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். "டீச்சர், ழையில் என்ன தொடங்கும்?" ஒன்றும் தொடங்காது! 'நிலா' என்று மாற்றினேன், 'லா' இடித்தது. 'கதவு' என்றேன், 'வு' நின்றது. 'மேகம்' என்றால் கடைசியில் ஒற்று. சொல்லுக்கு முதலில் எந்த எழுத்து வரும், எது வராது என்று வருஷா வருஷம் நடத்தியவளுக்கு அன்றைக்குத்தான் அந்தச் சூத்திரம் உறைத்தது. தூசி, பாதை, குடை மாதிரி சில சொற்கள் தேறும். குடையிலும் 'டை' எங்கே முதலில் வருகிறது என்று இப்போது நீயே கேட்பாய். சரி, அதையும் அடித்துவிடு. கடைசியில் பிள்ளைகளே ஒரு வழி சொன்னார்கள். எழுத்து வரியின் முதல் சொல்லுக்குள் எங்கே வந்தாலும் சரி, அதற்கு மட்டும் வண்ணம் தீட்டிவிடலாம். 'ழை'க்கு ஒருத்தி 'நுழைந்தது' என்று பிடித்தாள்:

மண்வாசனை முதலில் வந்தது
நுழைந்தது அப்புறம்தான் மழை

அடுத்து எதுகை. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, வரி முடிவில் ஒரே ஒலி வந்தால்தான் கவிதை என்று நினைக்கிறார்கள். தமிழில் முடிவில் ஒலி சேர்ப்பது ஒரு வேலையே இல்லை. 'ஓடுகிறது, பாடுகிறது, ஆடுகிறது' என்று வினைமுற்றே அந்தக் காரியத்தைச் செய்துகொடுத்துவிடும். பத்து வரி எழுதினாலும் ஒரு சொல்கூட யோசித்திருக்க மாட்டார்கள். நம் ஓசை வரியின் தொடக்கத்தில் இருக்கிறது. முதல் எழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டும், அவ்வளவுதான் விதி. அதை விளையாட்டாக்கு. நீ 'பட்டம்' என்றால் அவர்கள் சட்டம், வட்டம், கட்டம் என்று கத்தட்டும். நெடிலில் தொடங்கினால் நெடிலே வரவேண்டும் என்பதை இரண்டாவது சுற்றில் சொல். அதற்கப்புறம் குறளின் கூட்டைக் கொடு. மேல் வரியில் நான்கு சொல், கீழ் வரியில் மூன்று. தளை, வாய்பாடு எதையும் வாயைத் திறந்து சொல்லிவிடாதே. குறளைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த நாலும் மூணும் தானாகவே பிடிபடும். ஒரு பையன் எழுதினான்:

காற்று வந்து கதவைத் தட்டியது
நேற்றும் இவன்தான் தட்டினான்

முதல் வரியில் அஃறிணையாக இருந்த காற்று அடுத்த வரிக்குள் உயர்திணை ஆகிவிட்டது! சிவப்பு மை எடுக்கக் கை அரித்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். இரண்டாம் தடவை வந்தவனை அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, தெரிந்தவனை 'அது' என்று எப்படிச் சொல்வான்?

வடிவங்களைப் பற்றி இவ்வளவு போதும். ஆத்திசூடி மாதிரி அகர வரிசையில் ஒற்றைவரிக் கட்டளை எழுதச் சொன்னால் ஒரு மணி நேரம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போகும். 'அழிரப்பர் கேட்டால் கொடு', 'ஊஞ்சலை விட்டு இறங்கு' என்றெல்லாம் வரும். 'ஔ'வுக்கு மட்டும் எல்லாரும் திண்டாடி 'ஔவையைக் கேள்' என்று முடிப்பார்கள். ஒரு பெயர்ச்சொல், இரண்டு பெயரடை, மூன்று வினை என்று அடுக்கச் சொல்லும் ஐந்து வரி வடிவம் ஒன்று உண்டு, எனக்குப் பிடிக்காது. இலக்கணத் தேர்வுத்தாள் மாதிரி ஆகிவிடுகிறது.

வடிவத்தைவிடத் தொல்லை கொடுப்பது பிள்ளைகளுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் 'கவிதை'தான். பென்சிலை எடுத்ததும் 'அழகிய நிலவே' என்பார்கள், 'மலரே மலரே' என்பார்கள். இல்லாவிட்டால் 'மரம் வளர்ப்போம், நலம் பெறுவோம்' என்று சுவரில் எழுதும் வாசகம் வரும். அதைக் கேலி செய்யாதே, அவர்களுக்கு நாம் கொடுத்த சரக்குத்தான் அது. நான் ஒரு காரியம் செய்வேன். முதல் கால் மணி நேரம் பென்சிலே கிடையாது. வெளியே அனுப்பி, ஆளுக்கு ஒரே ஒரு பொருளைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். வந்ததும் ஒரே கேள்வி: "அது என்ன செய்துகொண்டிருந்தது?" 'அழகாக இருந்தது' என்ற பதில் செல்லாது. 'மலரே' என்று எழுதினால், எந்த மலர், எத்தனை இதழ் என்று கேட்பேன். தெரியாவிட்டால் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். சில பிள்ளைகள் மூன்று தடவை போய் வருவார்கள். ரொம்பக் கூச்சமான பிள்ளை இருந்தால் கென்னத் கோக்கின் வழியைப் பிடித்துக்கொள். 1960-களின் கடைசியில் நியூயார்க்கில் ஓர் ஆரம்பப் பள்ளியில் கவிதை சொல்லிக்கொடுத்தவர். 'எனக்கு ஆசை' என்று ஒவ்வொரு வரியையும் தொடங்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு வரி வாங்கி, வகுப்பு முழுக்கச் சேர்ந்து ஒரே கவிதையாக்கி வாசித்துக் காட்டினார். எது யார் வரி என்று சொல்லவேண்டியதில்லை, கூச்சப் பிள்ளையும் துணிந்து எழுதிவிடும்.

இனி, நான் வெட்கப்படும் ஒரு சங்கதி. உனக்கு மட்டும் சொல்கிறேன். ஒன்பது வயசுப் பெண், நிழலைப் பற்றிப் பதினோரு சொல்:

நிழல்
முந்திக்கொள்ளும் நிழல்
காலையில் எனக்கு முன்னால்
மாலையில் திரும்பும்போதும் எனக்கு முன்னால்
அவசரக்காரன்

நான் படித்துவிட்டு, "கண்ணு, காலையில் முன்னால் இருந்தால் மாலையில் பின்னால்தானே விழும்?" என்றேன். அவள் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் 'எனக்கு முன்னால்' என்பதை அழித்துவிட்டு 'எனக்குப் பின்னால்' என்று எழுதினாள். கடைசிச் சொல்லுக்கு இப்போது அர்த்தமே இல்லையே. அதையும் அழித்து 'அழகு' என்று எழுதினாள். நான் 'நன்று' போட்டுக் கொடுத்தேன். நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

அன்று சாயங்காலம் பள்ளிவிட்டு நடந்து வருகிறேன், என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போகிறது. காலையில் மேற்கே பார்த்துப் பள்ளிக்குப் போகிறோம், சூரியன் முதுகுக்குப் பின்னால். மாலையில் கிழக்கே பார்த்துத் திரும்புகிறோம், அப்போதும் சூரியன் முதுகுக்குப் பின்னால்தான். அவள் வீடும் என் வீடு இருக்கும் பக்கம்தான். அந்த வழியில் எத்தனையோ வருஷமாக நடந்தவள் நான். ஒரு நாளும் பார்த்ததில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன், டீச்சர் தப்பு, அவள் எழுதியதுதான் சரி என்று. பழைய வரியைத் திரும்ப எழுதச் சொன்னேன். எழுதினாள். ஆனால் அப்புறம் ஒரு மாதம், ஒவ்வொரு வரி எழுதியதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனாள். அது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. நின்றது, அது போதும்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணிக்கையில் எவ்வளவு வேண்டுமானாலும் கறாராக இரு. பன்னிரண்டு சொல் வந்தால் ஒன்றை எடுக்கச் சொல், பத்து வந்தால் ஒன்றைத் தேடச் சொல். எந்தச் சொல்லை என்று மட்டும் நீ சொல்லாதே.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கடிதத்தில் பிள்ளைகளைப் பற்றியே எழுதியிருக்கிறாய், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்ததில் எழுது. முதல் சனிக்கிழமை உன் பன்னிரண்டு பேரும் என்ன எழுதினார்கள் என்று அப்படியே எனக்கு அனுப்பு. நீ நகல் எழுதி அனுப்பவேண்டாம், அவர்கள் எழுதிய தாளையே அனுப்பு. உன் 'ற'வை மருமகளால் படிக்க முடியவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி