நடுவில் நிற்பவனின் கையெழுத்து

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன்; அதற்குள் ஒரு தொழிற்சாலையில் பை வாரில் மாட்டும் பக்கிள் வந்து சேரவில்லை, தையல் நின்றுவிட்டது என்று அழைப்பு வர, அதன் பின்னால் அலைந்ததில் நாட்கள் போய்விட்டன. உன் மகன் என்னிடம் வந்து தொழில் பழக ஆசைப்படுகிறான் என்று எழுதியிருந்தாய். கூடவே, எல்லாத் தொழிற்சாலையும் இணையத்தில் கிடைக்கும்போது பை வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் அதைத் தைக்கும் முதலாளிக்கும் நடுவே கமிஷனுக்கு நிற்கும் உன்னைப் போன்ற ஒரு ஏஜென்ட் எதற்கு என்றும் கேட்டிருந்தாய். கேள்வி குத்தலாக இருந்தாலும் நியாயமானதுதான்.

முகவரி தேடித் தருவதற்காகக் கூலி கிடைத்த காலம் முடிந்துவிட்டது என்பது உண்மை. நான் இத்தொழிலுக்கு வந்தபோது தொலைபேசி எண்கள் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமே என் மூலதனம். பையரையும் முதலாளியையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டு, விசிட்டிங் கார்டு கைமாறிவிடுமோ என்று இருவர் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று அந்த நோட்டுக்கு மதிப்பில்லை. ஆனால் திரையில் தெரியும் பெயர்களில் எவர் உற்பத்தியாளர், எவர் வாங்கி விற்பவர் என்று திரை சொல்வதில்லை. ஒரே தையல் கூடத்தின் படத்தை மூன்று நிறுவனங்கள் தங்களுடையது என்று போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பை, குடை, பொம்மை, தண்ணீர்ப் புட்டி எல்லாம் நாங்களே செய்கிறோம் என்பவர் பெரும்பாலும் எதையும் செய்பவரல்லர்.

அதனால் ஒரு தொழிற்சாலைக்குப் போனால் நான் முதலில் அலுவலக அறையில் உட்காருவதில்லை. நேரே வெட்டு மேசைக்குப் போய், அதன் அடியில் கிடக்கும் கழிவுத் துண்டுகளைப் பார்ப்பேன். எந்தத் துணி, எந்த நிறம், எவ்வளவு என்று அவை சொல்லிவிடும். நம்முடைய ஆர்டர் இரண்டு நாளாக ஓடுகிறது என்று முதலாளி சொல்ல, மேசையடியில் நம் நிறத்தில் ஒரு துண்டுகூட இல்லையென்றால் வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பிறகு இயந்திரங்களை எண்ணுவேன். நாளொன்றுக்கு 300 பை தைத்து முடிக்கும் கூடத்துக்கு 5,000 பை முடிக்க 17 நாள் வேண்டும். 10 நாளில் தருகிறேன் என்று ஒருவர் துணிந்து சொன்னால், மீதி எங்கோ வெளியே, கூலிக்குத் தைக்கும் வேறு கூடத்துக்கு, ஜாப் ஒர்க்காகப் போகப்போகிறது என்று பொருள்.

அந்த 'வெளியே' என்பதை நான் ஏன் இவ்வளவு துருவுகிறேன் என்று உன் மகன் கேட்பான். 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்காவுக்கு அருகே சாவாரில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். முந்தைய நாளே விரிசல் கண்டதும் அக்கட்டடத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பப்பட்டார்கள். இடிபாடுகளுக்கிடையே தங்கள் லேபிள் கிடைத்தபோது, அங்கே தைக்கத் தாங்கள் அனுமதி தந்ததே இல்லை என்று சொன்ன நிறுவனங்களும் உண்டு. அவர்களுக்கும் அந்தக் கூடத்துக்கும் இடையில் எத்தனை கை இருந்திருக்கும், அதில் ஒரு கை என்னைப் போன்ற ஒருவனுடையதாக இருந்திருக்குமோ என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிப் பைகள், மொத்தம் 5,000, பெட்டிக்கு 20 வீதம் 250 பெட்டி. இந்த அளவு லாட்டுக்கு, சரக்கில் எத்தனையை எடுத்துச் சோதிப்பது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணை, வழக்கமான நிலையில், 200 பையை எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. பெரிய குறைக்கு ஏற்கத்தக்க தர அளவு (ஏக்யூஎல்) 2.5 என்று ஒப்பந்தமானால் 10 வரை ஏற்கலாம், 11 என்றால் தள்ள வேண்டும். (இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் கொள்முதலுக்காகப் பயன்படுத்திய அட்டவணைகளின் வழிவந்தது இது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.) முன்வரிசையில் அடுக்கியிருந்த பெட்டிகளை விட்டுவிட்டு, அடுக்கின் நடுவிலிருந்தும் சுவரோரத்திலிருந்தும் 16 பெட்டிகளை இறக்கச் சொல்லி, இறக்கிய கணமே ஒவ்வொன்றின் மீதும் கையெழுத்திட்டேன், இல்லையென்றால் நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வேறு பெட்டி அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். தோள்பட்டை வாரைப் பையோடு சேர்க்கும் இடத்தில் தையலைப் பின்னுக்கு ஓட்டிப் பூட்டாமல் விட்டிருந்தார்கள். கையால் வெடுக்கென்று இழுத்தால் நூல் ஒவ்வொன்றாகப் பிரிந்து வருகிறது. அப்படி 13 பை.

"மூன்றுதானே அதிகம்" என்றார் முதலாளி. அவரைப் பொல்லாதவர் என்று சொல்லமாட்டேன். மறுநாள் மாலைக்குள் கன்டெய்னர் முனையத்துக்குள் போகாவிட்டால் கப்பல் போய்விடும், கப்பல் போனால் எல்சியில், அதாவது பணம் தருவதாகப் பையரின் வங்கி எழுதிக்கொடுத்த உறுதிக் கடிதத்தில், குறித்த கடைசி ஏற்றுமதித் தேதியும் போய்விடும். அவருக்குத் தேவைப்பட்டது ஆய்வுச் சான்றிதழில் என் கையெழுத்து ஒன்றுதான். எல்சிகளுக்காக 2007 முதல் நடைமுறையில் உள்ள யூசிபி 600 என்ற சர்வதேச விதிகளின் 5-ஆவது பிரிவு, வங்கிகள் கையாள்வது ஆவணங்களைத்தான், சரக்கை அல்ல என்கிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல்காரர் சரக்குக்குத் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங், சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருந்தால், பெட்டிக்குள் பையே இல்லாவிட்டாலும் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். அந்தக் காகிதக் கட்டிலேயே பையைக் கையில் தொட்டுப் பார்த்தவன் போட்ட கையெழுத்து என்னுடையது மட்டும்தான். உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலும் அதுதான், நண்பா.

நான் கையெழுத்திடவில்லை. நான்கு நாள் அத்தனை பெட்டியையும் பிரித்து வார்களைத் திரும்பத் தைத்தார்கள்; மறு ஆய்வில் மூன்றே குறை. பையர் என்மேல்தான் எரிந்து விழுந்தார், தொழிற்சாலைமேல் அல்ல. தையல் தொடங்கிய வாரமே நீ போய்ப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்குமே என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த வாரம் வேறொரு வேலைக்குப் போய்விட்டு, அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டேன். எல்சியில் தேதியை நீட்டித் தந்தார். அதற்கு விலையில் ஒரு பங்கைத் தொழிற்சாலையிடமும் என் கமிஷனில் பாதியை என்னிடமும் பிடித்துக்கொண்டார். முதலாளி ஐந்து மாதம் என் அழைப்பை எடுக்கவில்லை.

கையெழுத்திட உறுதியாக மறுக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. தொடக்க ஆண்டுகளில் பையரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டே, அவருக்குத் தெரியாமல் ஒரு தொழிற்சாலையிடமும் இரண்டு சதவீதம் வாங்கினேன். எல்லாரும் வாங்குகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு முறை சாயம் போன சரக்குக்காகப் பேச்சு வந்தபோது, முதலாளிக்குச் சொல்லத் தோன்றாத சாக்குகளையெல்லாம் பையரிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கு அந்நியமாகக் கேட்டது. அதன் பிறகு என் கூலி இன்வாய்ஸில் தனி வரியாக, இரு தரப்பும் பார்க்கும்படி இருக்கிறது. அதனால் மூன்று பையர்களை இழந்தேன். வெளிப்படையாகப் பார்க்கும்போது ஐந்து சதவீதம் பெரிதாகத் தெரிகிறது போலும்.

உன் மகனை அனுப்பு. மடிக்கணினியும் ஆங்கிலமும் நன்றாக வரும் என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. ஆனால் முதல் மூன்று மாதம் அவனுக்கு அவை தேவைப்படாது, பேக்கிங் கூடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். அடுத்த மாதம் 12-ஆம் தேதி, என்னிடம் பேசாமலிருந்த அதே முதலாளியின் தொழிற்சாலையில் ஒரு ஆய்வு இருக்கிறது. முதல் நாளே 16 பெட்டி பிரிக்க வேண்டிவரும். அட்டைத்தூள் அப்பும், வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
உன் நண்பன்