பாப்பாவுக்கு, சாப்பாட்டைப் பற்றி மட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் சாப்பாட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் நான் கேட்கப் போவதில்லை. ஸ்கேனில் என்ன வந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொன்னால் போதும். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நீ எடுத்திருக்கும் முடிவு என் காதுக்கு வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று துருவாதே, மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. புற்றுக் கட்டிக்குத் தீனி போகக் கூடாது என்று சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டாயாம். அதோடு நிற்காமல் பால், தானியம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலக்கி, கீமோவுக்கு, அதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சைக்கு, முந்தைய நாள் முழுப் பட்டினியும் இருக்கிறாயாம்.

நீ அனுப்பிய படத்தை உன் அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைப் பார்த்தேன். கடிகார வாரைக் கடைசித் துளையில் மாட்டியும் அது மணிக்கட்டில் நிற்காமல் பாதி முன்கை வரை ஏறியிருந்தது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

காரணம் தெரியாமல் ஒரு மாத்திரையைக்கூட விழுங்காத பிள்ளை நீ. அதில் எனக்கு எப்போதும் பெருமைதான். ஆகவே காரணத்தோடு எழுதுகிறேன். ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1920-களிலேயே புற்றுக் கட்டிகள் குளுக்கோஸை அளவுக்கு மீறிச் செலவழிப்பதைக் கண்டறிந்தார். பெட் ஸ்கேன் எடுக்கும்போது கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை உடம்பில் செலுத்தி, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பதும் இதே அடிப்படையில்தான். இதுவரை எல்லாம் உண்மை. இதிலிருந்து, சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து ஒழியும் என்று தாவுகிறார்களே, அங்கேதான் பிசகு. மூளையும் ரத்தச் சிவப்பணுக்களும் குளுக்கோஸை நம்பியே இருப்பதால், நீ வாய்வழியாகக் கொடுக்காவிட்டால் கல்லீரல் தானாகவே அதைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுவிடும். கையிருப்பு தீர்ந்த பிறகு அதற்கான சரக்கைத் தசையைக் கரைத்து, அதிலுள்ள புரதத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கட்டிக்குப் போகிற பங்கு போய்க்கொண்டேதான் இருக்கும். கரைகிறது உன் கையும் காலும்தான்.

இனிப்பை அள்ளித் தின்னச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீரிழிவு இருப்பவர்களுக்கும், கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டால் ரத்தச் சர்க்கரை ஏறுகிறவர்களுக்கும் கணக்கு வேறு. கீமோவுக்கு முன் பட்டினி இருப்பதைப் பற்றி ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருப்பது மெய்தான். ஆனால் மருத்துவர் கண்காணிப்பில்லாமல், ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கும் ஒருவர் வீட்டில் தானாகச் செய்துபார்க்கும் காரியமில்லை அது. ரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைத்துப் புற்றை ஒடுக்கும் என்று காரத்தன்மையுள்ள (அல்கலைன்) உணவு ஒன்றைச் சொல்கிறார்களே, அதற்கும் இதே கதிதான். ரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் பிடித்து வைத்திருக்கின்றன. நம் தட்டில் இருப்பதைக் கொண்டு அதை மாற்ற முடியாது.

சிகிச்சை நடக்கும்போது சுத்தமான உணவு, அசுத்தமான உணவு என்று பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. போதுமான அளவு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். கீமோ மருந்தின் அளவையே பெரும்பாலும் உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் உன்னை எடை மேடையில் ஏறச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. தசை குறைந்த உடம்பில் அதே மருந்தின் பக்கவிளைவுகள் கூடுதலாக இருக்கின்றன. பக்கவிளைவு தாங்காமல் போனால் அளவைக் குறைக்கவோ தேதியைத் தள்ளிப்போடவோ நேர்கிறது. ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை.

நாற்பது வருடம் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரி வரை, புரதம் குறைந்தது 1 கிராம், முடிந்தால் 1.5 கிராம் என்று ஐரோப்பிய மருத்துவ உணவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. உன் பழைய எடை எனக்குத் தெரியும். இப்போதைய எடை தெரியாததால் 50 கிலோ என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் 50 முதல் 75 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு தம்ளர் பாலில் சுமார் 7 கிராம். நீ பாலையும் நிறுத்திவிட்டால் அந்த 7 கிராமை எதில் ஈடுகட்டுகிறாய் என்று நீயே சொல். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர், கொட்டை வகைகள் என்று எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடு. எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடு என்று இன்னும் பத்து முறை எழுதுவேன், பொறுத்துக்கொள்.

மூன்று வேளை என்ற கணக்கை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கையளவு சாப்பிடு. பசிக்கட்டும் என்று காத்திருந்தால் பசி வராது. காலையில் கொஞ்சம் தெம்பாக இருந்தால் நாளின் பெரிய சாப்பாட்டை அப்போதே முடித்துவிடு. சூடான உணவின் வாசனை குமட்டினால் ஆறவைத்துச் சாப்பிடலாம், மணம் அதிகம் எழாது. வாந்திக்குக் கொடுத்த மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு தேடாமல், அவர்கள் சொன்ன நேரத்தில் போட்டுக்கொள். இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனால் வலியை வெளியே சொல்லாமல் இருப்பதில் நீ அப்படியே உன் பெரியத்தை. அவள் எப்படி இருந்தாள் என்பதை நீயும்தான் பார்த்தாய்.

வாயில் இரும்பு ருசி அடிக்கிறது என்று சொன்னாயாம். உலோகக் கரண்டிக்குப் பதிலாக மரக்கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ எடுத்துக்கொள். ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைக்கால் தேக்கரண்டி உப்பும் கலந்து, சாப்பிடும் முன் வாய் கொப்பளித்துத் துப்பு. வாய்ப்புண் இல்லாத நாட்களில் எலுமிச்சைப் புளிப்பு ருசியை எழுப்பும். புண் இருந்தால் அதன் பக்கமே போகாதே, மிருதுவாகவும் குளிர்ச்சியாகவும் உள்ளதை மட்டும் சாப்பிடு. சில கீமோ மருந்துகளில் குளிர்ச்சியே ஆகாது என்பதால், குளிர்ந்ததைத் தொடும்முன் நர்ஸிடம் கேட்டுக்கொள்.

ஒன்று எனக்கே புதிதாக இருந்தது. இலீன் பெர்ன்ஸ்டீன் என்ற உளவியலாளர் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்குக் கீமோவுக்குச் சற்று முன் புதுச் சுவையுள்ள ஐஸ்கிரீமைக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து மறுபடி கொடுத்தபோது பெரும்பாலான குழந்தைகள் அதை ஒதுக்கிவிட்டார்கள். குமட்டலுக்குக் காரணம் மருந்துதான் என்று தெரிந்திருந்தாலும், உடம்பு பழியைச் சாப்பாட்டின்மேல் போட்டுவிடுகிறது. ஆகவே உனக்கு மிகப் பிடித்ததைக் கீமோ நாளில் தொடாதே. உன் அம்மா செய்து அனுப்ப நினைக்கிறாள், எதை என்று உனக்குத் தெரியும். வேறொரு வாரம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கீமோ முடிந்து ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மிகக் கீழே போகும். அப்போது முழுதாக வேகாத முட்டை, பச்சை இறைச்சி, காய்ச்சாத பால், முளைகட்டிய பச்சைத் தானியம் எதுவும் வேண்டாம். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கொட்டிவிடு. வீணாகிறதே என்று நீ எடுத்துச் சாப்பிடுவாய் என்பது எனக்குத் தெரியும், அந்தச் சிக்கனம் என்னிடமிருந்து வந்ததுதான். அதற்காகப் பழத்தையும் காய்கறியையும் மொத்தமாகத் தள்ள வேண்டியதில்லை, நன்றாகக் கழுவினால் போதும் என்றுதான் இப்போது பல இடங்களில் சொல்கிறார்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராதே, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்.

சித்தப்பா அனுப்பிய பொட்டலத்தைப் பிரிக்காமல் அலமாரியிலேயே வை. மூலிகைச் சத்தும் அதிக வீரியமுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளும் கீமோவோடும் கதிர்வீச்சோடும் மோதக்கூடும். கிரேப்ஃப்ரூட் போன்ற ஒரு பழமே சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது என்றால், என்ன இருக்கிறதென்றே தெரியாத பொடியை என்னவென்பது? அவர் மனம் நோகாமல் நான் பேசிக்கொள்கிறேன்.

நீ இப்போது கடைப்பிடிக்கும் கட்டுப்பாட்டில் ஒரு பகுதிக்குப் பிற்பாடு நிச்சயம் இடம் இருக்கிறது. சிகிச்சை முடிந்து ருசி திரும்பி, எடை நிலைத்த பிறகு, காய்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு ஆகியவையே தட்டில் பெரும்பங்காக இருக்க வேண்டும். நாளுக்கு 400 கிராமாவது காயும் கனியும், வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்கு மேற்படாத சிவப்பு இறைச்சி என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2018-ல் சொன்னது. பதப்படுத்திய இறைச்சியையும் மதுவையும் தவிர்ப்பது நல்லது. சோயா ஆகாது என்று பயப்படுகிறார்கள், உணவாகச் சாப்பிடும் சோயாவால் கெடுதல் இல்லை. இவையெல்லாம் பிற்பாடு. உனக்கு அவசரம், எப்போதும் அவசரம். அடுத்த வகுப்புப் பாடத்தை முந்தியே படித்துவிட்டு நடப்புப் பாடத்தில் கோட்டைவிட்ட வருடத்தை நினைத்துக்கொள்.

கீமோவுக்குத் தனியாகவே போய்த் தனியாகவே திரும்பி, ஒரு வார்த்தை குறைபடாமல் இருக்கிறாய். ஊரில் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். போனை எடுக்காமல் இரண்டு வரி குறுஞ்செய்தியோடு எங்களை நிறுத்திவிடுகிறாயே, அதை யாரிடமும் சொல்வதில்லை.

அடுத்த முறை போகும்போது டயட்டீஷியனைப் பார்க்க நேரம் கேள். உன் பட்டியலில் எதையெல்லாம் நிறுத்தியிருக்கிறாய் என்பதை ஒளிக்காமல் அவரிடம் காட்டு. அவர் சரி என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். எடை எவ்வளவு என்று என்னிடம் சொல்ல வேண்டாம். 50 என்று நான் வைத்துக்கொண்டது சரிதானா என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அப்பா