வகுப்பறைத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வகுப்பறைச் சீரமைப்பு வேலை முடிந்துவிட்டது. பள்ளிப் பகுதியின் எல்லா வகுப்பறைகளிலும், கல்லூரிப் பகுதியின் பெரிய விரிவுரை அரங்கிலும் இப்போது பாடம் நடக்கிறது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தனியாக உங்கள் கைக்கு வரும். இங்கே சொல்ல வேண்டியது வேறு. நிதி திரட்டும்போது உங்களில் பெரும்பாலோர் கேட்டது ஏசி. நாங்கள் ஒரு வகுப்பறையில்கூட ஏசி வைக்கவில்லை. ஏன் என்று விளக்க வேண்டிய பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது.

மதியத்துக்கு மேல் பிள்ளைகள் வியர்த்து வழிந்தபடி, கண் சொருகி உட்கார்ந்திருப்பதை நாங்களும் பார்த்தோம். ஏசி கேட்டதில் நியாயம் இருந்தது. வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று, கட்டடக் காற்றோட்டத் துறையில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் கொண்டு வந்தது இரண்டே பொருள்: உள்ளங்கை அளவு கரியமில வாயு மானி ஒன்று, தையல் நூல்கண்டு ஒன்று. ஜன்னல் கம்பியில் ஒரு சாண் நூல், கதவு நிலையில் ஒரு சாண், மேலே வென்டிலேட்டர் கம்பியில் ஒரு சாண் கட்டித் தொங்கவிட்டார். மானியைக் கடைசி பெஞ்சில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

கதவோரத்து இழை ஃபேன் காற்றில் லேசாக ஆடியது. மற்ற இரண்டும் தொங்கியபடியே நின்றன. கரும்பலகையில் வெளிச்சம் பட்டுக் கூசுகிறது என்று ஜன்னல் திரைகள் இழுத்து விடப்பட்டிருந்தன. நடைக்கூடத்தில் சத்தம் என்று அந்தப் பக்கத்து ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். மேல் ஜன்னல்களோ பல வருடப் பெயிண்டில் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தன. காற்று உள்ளே வர ஏதோ கொஞ்சம் வழி இருந்தது, வெளியே போகத்தான் வழியில்லை. போக வழியில்லாத இடத்துக்குக் காற்று வருவதும் இல்லை.

மானியின் எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திறந்த வெளியில் கரியமில வாயு இன்று சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. அந்த வகுப்பில் பாடவேளை பாதி முடியும் முன்பே அது 1,000-ஐத் தாண்டியது. இந்த 1,000 என்ற கோடு நேற்று வந்ததல்ல. ஜெர்மனியில் மியூனிக் நகரத்து அறிஞர் மேக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே, ஆட்கள் இருக்கும் அறையில் இதற்கு மேல் போனால் காற்று கெட்டுவிட்டது என்று வரையறுத்தார். இந்த அளவில் கரியமில வாயு விஷம் என்று அவர் சொல்லவில்லை. மூச்சோடு வெளியேறும் மற்ற எல்லாவற்றையும் அளக்க அதை ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டார். நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 40,000 பிபிஎம். அப்படியானால், அறையில் 1,600 என்று மானி காட்டும்போது, வெளிக்காற்றின் 420-ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால், அங்கே இருக்கும் ஒரு பிள்ளை இழுக்கும் முப்பத்துச் சொச்சம் மூச்சுக்கு ஒரு மூச்சு, இன்னொருவர் நுரையீரலுக்குள் போய் வந்த காற்று. இதைக் கேட்ட பிறகு எங்கள் குழுவில் ஏசி பேச்சு தானாகவே அடங்கிவிட்டது.

வகுப்பறைகளில் வழக்கமாக மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து காற்றைக் கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர வைத்து அறைக்கே திருப்பித் தருகிறது. குளிர் வெளியேறக் கூடாது என்று நாமும் கதவையும் ஜன்னலையும் இறுக்கி மூடுவோம். நம் வகுப்பறை ஒன்று ஏறக்குறைய 8 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம். அதில் 40 பிள்ளைகள். ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிக்காற்று துளியும் வராவிட்டால் 45 நிமிடப் பாடம் முடிவதற்குள் மானி 2,500-ஐத் தாண்டிவிடும். அறை ஜில்லென்று இருக்கும், பிள்ளைகள் சுகமாக இருப்பதாக நமக்கும் தோன்றும். புழுக்கமாவது கதவைத் திற என்று உடம்பை நச்சரிக்கும். குளிர்ந்த அறையில் அந்த நச்சரிப்பும் போய்விடும். எங்களைப் பயமுறுத்தியது அதுதான்.

நோய் பரவுவதையும் யோசித்தோம். 1974-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் தட்டம்மை பரவியது. முதலில் நோய் கண்ட மாணவியோடு ஒரே வகுப்பில் உட்காராத பிள்ளைகளுக்கும் அது தொற்றியது. பள்ளியின் காற்றோட்டக் கருவி ஒரு அறையின் காற்றை மற்ற அறைகளுக்கும் சுற்ற விட்டதுதான் காரணம் என்று பிறகு ஆராய்ந்து எழுதினார்கள். ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றி விடுவது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் தொட்டது மேல் ஜன்னல்களை. அவை வெறும் வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். நீண்ட காலம் வேலை பார்த்த அலுவலக உதவியாளர் ஒருவர்தான் அண்ணாந்து பார்த்து, "இதெல்லாம் ஒரு காலத்துல கயிறு இழுத்துத் திறக்கிற ஜன்னல் சார்" என்றார். ஏணி போட்டுப் புட்டிக் கத்தியால் சட்டத்தின் ஓரத்தைச் சுரண்டினோம். பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. அடியில் கீல் இருந்தது, துருப்பிடித்த கொண்டியும் இருந்தது. கயிறு ஓடும் சின்ன உருளைகூட மரத்தில் பதிந்தபடியே இருந்தது. கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சூடான காற்று மேலே ஏறும், மேலே திறப்பு இருந்தால் வெளியேறும், அந்த இடத்தை நிரப்பக் கீழே ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வரும். பின்னால் வந்த நாம் எல்லோருமாகச் சேர்ந்து பெயிண்டடித்து அதை அடைத்திருக்கிறோம். எல்லா அறையிலும் கொண்டி, கீல், கயிறு புதிதாகப் போட்டாயிற்று.

கீழ் ஜன்னல் திரைகளை எடுத்துவிட்டு, வெளியே வெயில் மறைப்புப் பலகைகள் வைத்தோம். கூச்சம் நின்றது, காற்றும் வந்தது. நடைக்கூடப் பக்கம் கதவுக்கு மேலே புதிதாகத் திறப்பு வெட்டியிருக்கிறோம். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். ஒரே பக்கத்தில் மட்டும் ஜன்னல் வைத்தால் அறையின் உட்பாதிக்கு அது சரியாக எட்டாது.

ஆனாலும் காற்றே அசையாத நாட்கள் உண்டு. உள்ளேயும் வெளியேயும் ஒரே வெப்பம் இருந்தால் சூடான காற்று மேலே ஏறுவதும் மந்தமாகிவிடும். அதற்காக அறைக்கு அறை எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம். அளவுக்கு, ஆஷ்ரே என்ற பொறியாளர் அமைப்பின் விதியை எடுத்துக்கொண்டோம்: ஆளுக்கு நொடிக்கு 5 லிட்டர், அதோடு தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.6 லிட்டர் வெளிக்காற்று. நம் அறைக்கு இது மணிக்குச் சுமார் 840 கனமீட்டர். அறையின் கொள்ளளவைப் போல் நான்கு மடங்குக்கு மேல் புதுக்காற்று ஒவ்வொரு மணி நேரமும் வர வேண்டும் என்று அர்த்தம். இது குறைந்தபட்சம்தான்.

இங்கே எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் தவணையில் வாங்கிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள் கடகடவென்று இரைந்தன. பின்வரிசைப் பிள்ளைகளுக்குப் பாடம் காதில் விழவில்லை. ஆசிரியர்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலை அதை அணைப்பதுதான். அவர்களைக் குறை சொல்ல வழியே இல்லை. ஆளில்லாத வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் வகுப்பறை ஒலித் தரம் சொல்கிறது. நாங்கள் காற்றை மட்டும் பார்த்தோம், காதை மறந்துவிட்டோம். அவற்றைக் கழற்றிவிட்டு, பெரிய இறக்கையோடு மெதுவாகச் சுற்றும் ஃபேன்களை ரப்பர் மெத்தை வைத்து மாட்டினோம். வேலை தள்ளிப்போனதற்கும், நிதியில் ஒரு பங்கு வீணானதற்கும் காரணம் இதுதான். உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்புறம் சூடு. சீலிங் ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, உடம்பில் படும் காற்றின் வேகத்தைக் கூட்டி வியர்வையை உலர்த்துகிறது. நமக்கு எவ்வளவு சூடாகத் தோன்றுகிறது என்பதைக் காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், போட்டிருக்கும் உடை, செய்யும் வேலை இவற்றோடு சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. கடைசியாகச் சொன்னதை யாரும் நினைப்பதில்லை. மேல்மாடி வகுப்பில் மதியம் மேசை மேல் ஏறிக் கையைத் தளத்துக்கு அருகே நீட்டினோம். தொடாமலே உள்ளங்கையில் அனல் அடித்தது. காலையிலிருந்து வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் மதியம் முழுக்க அதைப் பிள்ளைகளின் தலையில் இறக்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு ஒவ்வொருவர் உடம்பும் வெப்பம் விடுகிறது. பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 100 வாட். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்தாலும், 40 பேர் சேர்ந்தால் பெரிய ஹீட்டர்கள் இரண்டு மூன்றை அறைக்குள் போட்டு வைத்தது போலத்தான். மொட்டை மாடி முழுவதும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்து, தளத்துக்குக் கீழே வெப்பத் தடுப்புப் பலகையும் பொருத்தியிருக்கிறோம். செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது, போக வேண்டியதும் இதற்குத்தான் என்று நினைக்கிறோம்.

விரிவுரை அரங்கின் கதை வேறு. அங்கே ஜன்னலே கிடையாது. குழாய் வழியாகக் குளிர்காற்று வரும் பெரிய அமைப்பு முன்பே இருந்தது, கரண்டும் தாராளமாகத் தின்றது. கூரைக்கு மேல் ஏறிப் பார்த்தால், வெளிக்காற்றை உள்ளே விடும் மடல் முழுதாக மூடி, அசையாமல் கம்பியால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. குளிரூட்டும் செலவை மிச்சம் பிடிக்க எப்போதோ யாரோ கட்டியிருக்க வேண்டும். கம்பியை அறுத்து, மடலைத் திறந்து, வடிகட்டிகளை மாற்றினோம். அரங்கில் கரியமில வாயு ஏற ஏற மடல் தானே கூடுதலாகத் திறக்கும்படி உணர்கருவியும் வைத்தாயிற்று. அரங்கு நிரம்பியிருக்கும்போதும் மானி இப்போது 1,000-க்குக் கீழேதான் நிற்கிறது.

சாலையை ஒட்டிய இரண்டு வகுப்பறைகளில் ஜன்னலைத் திறந்தால் புகை வரும், மூடினால் மூச்சுக்காற்று தேங்கும். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு ஆண்டு சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வரம்பைக் குறைத்தது. சாலையோர அறைக்கு அது எட்டாக் கனி. அந்த இரண்டிலும் சாலைப் பக்கத்தை மூடி, மறுபுறத்திலிருந்து வடிகட்டி வழியாகக் காற்றை உள்ளே தள்ளுகிறோம். வடிகட்டி தூசியைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. ஆகவே தனியே ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி மூலையில் வைத்தால் போதும் என்ற யோசனையை ஏற்கவில்லை. பெயிண்ட், புது அலமாரி வேலைகளை விடுமுறையின் தொடக்கத்திலேயே முடித்து, திறந்து போட்டு வாசனை போக விட்டோம். ஒட்டுப்பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைட் என்ற, கண்ணையும் மூக்கையும் எரிக்கும் வாயு பல நாள் கசிந்துகொண்டே இருக்கும்.

இனி நடக்க வேண்டியது பராமரிப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் மானி ஒன்று பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில், ஆனால் யார் மூச்சும் நேராகப் படாத இடத்தில் இருக்கிறது. 1,000-ஐத் தாண்டினால் மேல் ஜன்னல் கயிற்றை இழுத்து ஃபேனைப் போடுவது வகுப்புத் தலைவர் பொறுப்பு. நான்காம் வகுப்பில் ஒரு சின்னப் பெண் கயிறு எட்டாமல் நாற்காலி போட்டு ஏறினாள் என்று கேள்விப்பட்டு, எல்லா அறையிலும் கயிற்றைக் கீழ்வரை நீட்டிக் கொடுத்துவிட்டோம். மானிகளைப் பருவத்துக்கு ஒருமுறை திறந்த வெளியில் வைத்து 420-க்கு அருகே காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வடிகட்டி மாற்றிய நாள் அறைக் கதவின் உட்புறத்தில் எழுதப்படும். கணினி அறையில் மட்டும் வேலை பாக்கி இருக்கிறது. அங்கே இயந்திரச் சூடும் சேர்வதால் வெளிக்காற்று வரும் ஏசி வேண்டியிருக்கிறது, அதற்கான திட்டத்தை அடுத்த பொதுக்குழுவில் உங்கள் ஒப்புதலுக்கு வைப்போம்.

முதல் நாள் கட்டிய நூல் இழைகளை நாங்கள் அவிழ்க்கவில்லை. எந்த நாளும் மதியக் கடைசிப் பாடவேளைக்கு வந்து, பின்பெஞ்சில் உட்கார்ந்து நீங்களே பார்க்கலாம்.

இப்படிக்கு,
வகுப்பறைத் திருப்பணிக் குழு