ஆடி மாதத்துக்கும் சேர்த்து வாடகை

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் வடிவமைத்துத் தரும் டி.டி.பி. கடைக்காரர்களில் நானும் ஒருவன். எங்கள் தொழிலுக்கான மென்பொருளில் பெரும்பாலானதை இன்று விலை கொடுத்து வாங்க முடியாது. சந்தா கட்டி வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்.

போட்டோஷாப் போன்ற டிசைன் மென்பொருள்களின் சி.எஸ்.6 பதிப்புக்குப் பிறகு எல்லாம் சந்தாதான் என்று அடோபி நிறுவனம் அறிவித்தது 2013 மே மாதம். அதற்கு முன்பெல்லாம் புதிய பதிப்பு வந்தால், கையில் காசு இருப்பவர் மாறிக்கொள்வார். இல்லாதவர் பழையதிலேயே ஓட்டுவார். 2001-இல் வந்த, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7-ஐ இன்னும் விடாத கடைகள் உண்டு. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த மேட்டர் எல்லாம் அதில்தானே கிடக்கிறது!

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, பத்திரிகை வேலையும் வராது. சரி, அந்த மாதங்களில் சந்தாவை நிறுத்தி வைக்கலாமே என்றால் முடியாது. பல திட்டங்கள் பேருக்குத்தான் மாதக் கட்டணம். உள்ளே போய்ப் படித்தால் ஓராண்டு ஒப்பந்தம். நடுவில் விலகினால் அபராதம். முதல் ஆண்டில் விலகினால் மீதி மாதங்களின் கட்டணத்தில் பாதியைக் கேட்பதைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று, அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் புகாரின் பேரில் அந்நாட்டு அரசே 2024 ஜூனில் அடோபி மீது வழக்குப் போட்டது. அடோபி அதை மறுத்தது. நம் ஊரில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வருகிறது. அது ரிசர்வ் வங்கி புண்ணியம்.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. சந்தா தீர்ந்தால் கோப்பு நம் ஹார்டு டிஸ்கிலேயே இருக்கும், திறந்து திருத்தத்தான் முடியாது. அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த அதே டிசைனில் தம்பிக்கும் வேண்டும் என்று வருபவரிடம் என்ன சொல்வது?

புதுப்பிப்புக்குக் காசு கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. விதி மாறும்போதெல்லாம் கணக்கு மென்பொருளும் மாற வேண்டும், அதற்கு உழைப்பவருக்குக் கூலி வேண்டும். டேலியில் நிரந்தர உரிமம் வாங்கியவர் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் புதிய பதிப்புதான் கிடைக்காது, இருப்பது ஓடும். புரோகிராமர்களுக்கான மென்பொருள் விற்கும் ஜெட்பிரெயின்ஸ் 2015-இல் சந்தாவுக்கு மாறியபோது வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அதன் பிறகு, 12 மாதம் தொடர்ந்து கட்டியவர் சந்தாவை விட்டாலும் பழைய பதிப்பு ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. ஆக, மனமிருந்தால் செய்யலாம்.

அப்புறம், கள்ளப் பதிப்பு போட்டு ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒழுங்காகக் கட்டுபவன் மட்டும்தான் மாட்டிக்கொள்கிறான்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் சந்தாப் பொறியும் ஒன்று. விலகும் வழியை மறைப்பதைத்தான் அது பார்க்கிறது. ஓராண்டு பணம் கட்டியவருக்கு அன்றைய பதிப்பு சொந்தம் என்பதையும், விலகினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்பதையும் விதியாக்க வேண்டும்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர் ஒருவர்,
சிவகாசி