நாற்காலியைத் திருப்பிப் போட்ட தம்பிக்கும், மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். பட்டாளத்துல இருந்து வெளிய வந்த எங்க வீட்டுக்காரருக்கு கரிஜெண்டம் பிபிஓ (திருத்தின பென்ஷன் ஆர்டர்) ஸ்பார்ஷ்ல (ராணுவ பென்ஷன் வெப்சைட்டுல) ஏறிருச்சு, டிஸெபிலிட்டி எலிமெண்ட் (காது குறைக்கான பென்ஷன் பங்கு) சேர்ந்தே வந்திருக்கு. இன்னும் கை நடுக்கம் போகல, எழுத்து அங்கங்க தப்பா இருந்தா பொறுத்துக்கோங்க. காது குறை சர்வீஸால வந்தது இல்லன்னு முதல்ல எப்படி ரிஜெக்ட் ஆச்சு, அந்த லெட்டர் வந்த அன்னிக்கு வீடு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப அதை கிளறல. நன்றி சொல்லத்தான் வந்தேன்.

முதல்ல ஒருத்தருக்கு. ரிலீஸ் மெடிக்கல் போர்டுக்கு (வெளிய வரும்போது உடம்பை பார்த்து, குறைக்கு எத்தனை சதவீதம்னு போடற டாக்டர் குழு) முன்னாடி எம்ஹெச்ல (மிலிட்டரி ஆஸ்பத்திரில) இவருக்கு காது டெஸ்ட் எடுத்த தம்பி. வடக்கத்தி பையன், பேர் கூட கேட்டு வச்சுக்கல.

இவரைத்தான் உங்களுக்கு தெரியுமே. பாதி சர்வீஸ் போஃபர்ஸ் பீரங்கி பக்கத்துலயே நின்னவர். டாக்டர் என்ன கேட்டாலும் "டீக் ஹை சாப்" (எல்லாம் சரியா இருக்கு சார்)தான், கேள்வி காதுல விழலைன்னாலும் "டீக் ஹை சாப்"தான். பட்டாளத்துல இது எல்லாருக்கும் உள்ள வியாதி, இதுக்கு எந்த போர்டும் பர்சன்டேஜ் போடாது. அன்னிக்கு கண்ணாடி ரூமுக்குள்ள ஹெட்போன் மாட்டி உக்கார வச்சு, பீப் கேட்டா பட்டனை அமுக்கணும்னு சொன்னாங்க, நான் வெளிய பெஞ்சுல இருந்து பார்த்துட்டே இருக்கேன், இவர் டக்கு டக்குன்னு சரியா அமுக்குறார், வீட்டுல குக்கர் விசில் கேக்காத மனுஷனுக்கு இது எப்படி கேக்குதுன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த தம்பி மெஷின்ல கை வைக்கிறதை கண்ணாடி வழியா பார்த்து பார்த்து அமுக்கிட்டு இருந்திருக்கார்! ஏமாத்தணும்னு எல்லாம் இல்ல, டெஸ்ட்னா பாஸாகணும், அவ்வளவுதான் அவருக்கு தெரியும்.

தம்பி அதை கவனிச்சுட்டாரு. அப்படியே ரிசல்ட்டை எழுதி கையில கொடுத்திருந்தா யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க, வெளிய அவ்வளவு கூட்டம், சாப்பாட்டு நேரம் வேற. ஆனா எந்திரிச்சு உள்ள வந்து, நாற்காலியை சுவர் பக்கம் திருப்பிப் போட்டு, இவர் தோள்ல கை வச்சு, "இது பரீட்சை இல்ல சாப், கேக்கலைன்னா சும்மா இருங்க"ன்னு ஹிந்தில சொல்லிட்டு முதல்ல இருந்து திரும்ப எடுத்தாரு. இந்த தடவை இவர் கை ரொம்ப நேரம் அசையவே இல்ல. எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு.

அதோட விடல. போர்டுக்கு கொடுக்க இவர் கையில வச்சிருந்த பார்மை வாங்கி பார்த்தாரு. சர்வீஸ்ல எந்த சம்பவத்தால இது வந்துச்சு, எதனால அதிகமாச்சுன்னு ஒரு கேள்வி இருக்கும்ல, அதுல இவர் "நில்"னு (ஒண்ணும் இல்லன்னு) எழுதி வச்சிருந்தாரு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எந்தெந்த வருஷம் எந்தெந்த ரேஞ்சுல ஃபயரிங், அன்னிக்கு சிக் ரிப்போர்ட் (உடம்பு முடியலன்னு யூனிட் டாக்டர்கிட்ட) போனீங்களா, எல்லாம் யோசிச்சு எழுதுங்க, இல்லாததை சேர்க்காதீங்க, இருந்ததை விடாதீங்கன்னு சொன்னாரு. தேவ்லாலி, மகாஜன், பீல்டு போஸ்டிங்னு அப்ப அந்த பெஞ்சுல உக்காந்து எழுதினதுதான் பின்னாடி அப்பீலுக்கு முதுகெலும்பாச்சு. சர்வீஸால வந்ததும் இல்ல, சர்வீஸால அதிகமானதும் இல்லன்னு போர்டு எழுதினப்ப, எங்க கிட்ட காட்டறதுக்கு இருந்தது அந்த ஒரு பக்கமும் அந்த ஆடியோகிராமும் (காது டெஸ்ட் ரிசல்ட்)தான்.

அடுத்து மத்தவங்க. ஆறு மாசத்துக்குள்ள ஃபர்ஸ்ட் அப்பீல் போட்டாகணும்னு துரத்தி துரத்தி போட வச்ச யூனிட் ஹெட் கிளர்க் சாப், சுப்ரீம் கோர்ட்டோட 2013 தரம்வீர் சிங் தீர்ப்பை பிரிண்ட் எடுத்து, சேரும்போது காதுல குறை இருந்ததா யாரும் எழுதலையே, அப்ப சர்வீஸ்ல வந்ததுதானேன்னு எங்களுக்கு புரியற மாதிரி சொன்ன ரிட்டயர்ட் சுபேதார் மேஜர் ஐயா, ராணுவ ட்ரிப்யூனல் (பட்டாளத்துக்காரங்க கேஸ் பார்க்கற கோர்ட்) வரைக்கும் போனாலும் ஃபீஸ் வேணாம்னு சொன்ன வக்கீல் அண்ணன், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல பொறுமையா பதில் சொன்ன அக்கா, ஸ்பார்ஷ் பாஸ்வேர்டு லாக் ஆகும்போதெல்லாம் ஓடி வந்த பசங்க, கடன் கொடுத்துட்டு கேக்காம இருந்தவங்க, எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பேர் விட்டுப்போனவங்க கோவிச்சுக்காதீங்க.

எங்களை மாதிரி எத்தனை பேர் பார்ம்ல "நில்"னு எழுதிட்டு வீட்டுக்கு வந்திருப்பாங்கன்னு நினைச்சா மனசு ஆறல. சர்வீஸ் முடிச்சு வெளிய வர்றவங்களுக்கு போர்டு 20 சதவீதத்துக்கு கீழ போட்டா டிஸெபிலிட்டி எலிமெண்ட் கிடையாது, அதுக்கு மேல போட்டாலும் சர்வீஸ் காரணம்னு எழுதலைன்னா கிடையாது, இது கூட தெரியாமத்தான் நாங்க போனோம். இவர் 2023 செப்டம்பர்ல இந்த டிஸெபிலிட்டி பென்ஷன் விதி மாறறதுக்கு முன்னாடி வெளிய வந்தவர், இப்ப போறவங்களுக்கு புது விதி, அதை தனியா கேட்டு தெரிஞ்சுக்கோங்க.

நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு முடிவு பண்ணிருக்கோம். நம்ம பக்கத்துல யார் ரிலீஸ் போர்டுக்கு போனாலும் பார்மை எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க, கூட உக்காந்து வரி வரியா படிச்சு பார்த்து தர்றோம், காசெல்லாம் பேசக்கூடாது. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வாங்க, அது முக்கியம். போன் என் நம்பருக்கு பண்ணுங்க, அவர் நம்பருக்கு பண்ணா எடுத்து "டீக் ஹை"ன்னு சொல்லிட்டு வச்சுடுவாரு.